ஆல்ட்டோ லிடியாவின் சாட்சி

பெற்ற தாய் சாராயத்துக்காகத் தன்னைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள் என்ற செய்தி, லிடியாவுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது அவள் மகள் இசைப்பிரியாவின் செல்போன்.

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நெய்வேலிப் பக்கத்து மந்தாரக்குப்பத்தின் வாடகை வீட்டுக்குத் திரும்பி, லிடியா மீன் அலசிக்கொண்டிருந்தாள். விருத்தாசலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் இசைப்பிரியா, தோழி அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து அம்மாவின் எதிரில் குந்தினாள்.

"யம்மா, பெங்களூரு கூட்டத்துல சைமன் மாமா ஒன்னப் பத்தி என்னா பேசுனாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

லிடியாவுக்குத் தெரியாது. அது நான்கு வருடத்துக்கு முந்தைய கூட்டம். முழுக்க இங்கிலீஷ் சபை. பெரிய மண்டபம், ஏசி, சாய்ந்து உட்காரும் நாற்காலிகள். பாடல்களுக்கு நடுவே, அவள் பாடும் குழுவின் தலைவர் சைமன்ராஜ் அவள் தோளுக்கு நேராகக் கையை நீட்டி ஐந்து நிமிடம் பேசினார். சனங்கள் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தலை அம்மாள் வந்து அவளைக் கட்டிப்பிடித்து விசும்பினாள். "என்னப் பத்தி என்னமோ நல்லா சொன்னாருங்க, எல்லாரும் அழுதுட்டாங்க" என்று ஊருக்குத் திரும்பியதும் புருசன் ராயப்பனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள் லிடியா.

இப்போது மகள் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். இந்தச் சகோதரி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குப்பைத்தொட்டியில் கிடந்தவள். தாய் குடிகாரி. தகப்பன் யாரென்றே தெரியாது. பதினாறு வயதுவரை எழுத்து தெரியாமல், சரியாகப் பேசக்கூட வராமல் தெருவில் திரிந்தவள். நாங்கள் கை வைத்து ஜெபித்த அன்றுதான் இவளுக்கு வாய் திறந்தது, குரல் வந்தது.

"திரும்பப் போடு" என்றாள் லிடியா.

மகள் போட்டாள். இரண்டாம் முறை லிடியா சைமன்ராஜைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டுப்புடவை கட்டி நின்ற தன்னையே பார்த்தாள். அந்த லிடியா சிரித்துக்கொண்டிருந்தாள். 'குப்பைத்தொட்டி' என்ற சொல் வந்த இடத்தில், ஆமாம் என்பதுபோல் தலையை வேறு ஆட்டினாள். கீழே இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்திருப்பதாகப் போட்டிருந்தது.

மீன் சட்டியோடு அப்படியே இருந்தது. பூனை வந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனதைக்கூட அவள் விரட்டவில்லை.

லிடியா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில், மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவர்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அவள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே அந்தத் தெரு முழுக்கிறிஸ்தவத் தெரு. அப்பா தைரியநாதன் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். சர்ச்சில் நாற்பது வருடம் பேஸ் என்ற அடிக்குரல் பாடியவர். நான்கு குரலையும் டோ, ரே, மீ என்ற சோல்ஃபா எழுத்தில் எழுதவும், எழுதியதைப் பார்த்தவுடன் பாடவும் தெரிந்தவர். ஏழு வயதில் லிடியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைக் கற்றுக்கொடுத்தார். தப்பாகப் பாடினால் அடிக்கமாட்டார். பேசாமல் எழுந்து போய்விடுவார். அதற்கு அடியே தேவலை என்று இருக்கும். அம்மா ராஜாம்பாள் பால்வாடி ஆயா. முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள். சாராய வாடை பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். இரண்டு பேரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில்.

பிளஸ் டூ முடித்து, ராயப்பனைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தாள் லிடியா. அவன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுக்கும் டவுன்ஷிப் தோட்டப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வட்டம் என்று அழைக்கும் டவுன்ஷிப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் சாலையோரச் சருகைக் கூட்டுவது. கூட்டும்போது, பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

2006 டிசம்பர். டவுன்ஷிப் சர்ச்சில் கேரல் ஒத்திகை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிடியா எழுந்து, "அண்ணா, ஆல்ட்டோ அங்க எறங்கக் கூடாதுங்க, நிக்கணும்" என்றாள். ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த சைமன்ராஜ் திரும்பிப் பார்த்தார். அனல்மின் நிலையத்தில் இன்ஜினியர். ஆண்களின் மேல்குரலான டெனர் நன்றாகப் பாடுவார். அவருடைய அப்பா ஞானஸ்நானம் எடுத்ததே எண்பத்து நான்கில்தான், அதை அவரே பெருமையாகச் சொல்வார். பாடச் சொன்னார். பாடிக் காட்டினாள். அவர் மனைவி ஸ்டெல்லா, பள்ளி ஆசிரியை, "அய்யோ, இதுதாங்க சரி" என்று கைதட்டினாள்.

அப்படித்தான் 'பன்னிரு ஊற்று' குழு பிறந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கண்ட பன்னிரண்டு நீரூற்றுகளின் நினைவாக சைமன்ராஜ் வைத்த பெயர். பன்னிரண்டு பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார். கடைசிவரை நான்கு பேர்தான். ஸ்டெல்லா பெண்களின் மேல்குரலான சோப்ரானோ, லிடியா ஆல்ட்டோ, சைமன்ராஜ் டெனர், மெக்கானிக்கல் செக்ஷனில் பர்மனென்ட் ஆகியிருந்த ஜெரால்டு பேஸ். வாத்தியமே கிடையாது. நான்கு குரல் மட்டும். கீபோர்டும் ரிதம் பேடும் போட்டு அலறுகிற கூட்டங்களில், இவர்கள் வெறும் வாயோடு வந்து நின்றதும் பந்தல் அடங்கிப்போகும்.

அந்த நான்கு குரலுக்கும் ஸ்வரம் பிரித்தது லிடியா. ஒரு கீர்த்தனை கையில் வந்தால், வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுவதற்கு முன் உட்கார்ந்து, நீள நோட்டில் நான்கு வரிசையாக எழுதிவிடுவாள். பதினேழு வருடத்தில் பதினான்கு நோட்டுகள். கடலூர், வேலூர், கோலார் தங்கவயல், திருநெல்வேலி என்று போகாத ஊர் இல்லை. இரண்டு சிடி வந்தது. அட்டையில் 'இசை ஒழுங்கு: சகோ. சைமன்ராஜ்' என்று இருந்தது. ராயப்பன் அதைக் காட்டிக் கேட்டபோது, "ஆண்டவருக்குத் தெரியும்ல, உடு" என்று அவளே சொன்னாள். இப்போது அதை நினைத்தாலும் அவளுக்கு உடம்பு எரிந்தது. உடு உடு என்று விட்டதுதான் குப்பைத்தொட்டிவரை வந்திருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்து, யூனிஃபார்ம் புடவையோடே சைமன்ராஜின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். இசைப்பிரியாவும் கூட வந்தாள். சைமன்ராஜ் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீடியோவைக் காட்டியதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ உணர்ச்சிவசப்படுற லிடியா. அன்னிக்கு எத்தனை பேர் மனசு தொடப்பட்டுச்சுன்னு ஒனக்கே தெரியும். ஒரு சாட்சி வழியா ஆண்டவர் கிரியை செஞ்சாரு. அதைத்தான் பாக்கணும்."

"எங்கம்மா கதை வேணும்னா என்னக் கேட்டிருக்கலாமேங்க. நானே சொல்லியிருப்பனே."

"உங்கம்மா பேரையா நான் சொன்னேன்?"

"நான்தான பக்கத்துல சிரிச்சிகினு நின்னேன். வேற யாரு அம்மாங்க அது?"

ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் உன்னை உயர்த்தித்தானே பேசினார், எங்கிருந்த உன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தினார் என்று சனம் நினைக்கத்தானே என்று சமாதானம் சொன்னாள். லிடியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பதினேழு வருடம் ஒரே வேனில், ஒரே சீட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனவள். ராஜாம்பாள் செத்தபோது மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து, அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதவள்.

"எங்கம்மா கையால நீங்க சாப்ட்டிருக்கீங்கக்கா" என்றாள் லிடியா. ஸ்டெல்லா உள்ளே போய்விட்டாள்.

சைமன்ராஜ் வீடியோவை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அத்தோடு விட்டுவிடலாமே என்றார். லிடியா முடியாது என்றாள்.

"எங்க சொன்னீங்களோ அதே எடத்துல, அதே இங்கிலீஷ்ல, பொய்யின்னு சொல்லணும்."

"அது ஊழியத்துக்கே இழுக்கு லிடியா."

"அப்ப எனக்கு இழுக்கு இல்லீங்களா?"

அவர் பேப்பரை மடித்தார். இனிமேல் குழுவில் நிற்கமாட்டேன், என் நோட்டுகளைக் கொடுங்கள் என்றாள். அவை குழுவுடையவை என்றார் அவர். இசைப்பிரியா அதுவரை பேசாமல் இருந்தவள், "எங்கம்மாவுக்குத்தான் எழுத்தே தெரியாதே மாமா, அப்புறம் யாரு எழுதுனது?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து ஜெரால்டு ஒரு கட்டைப்பையில் பதினான்கு நோட்டுகளையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே போனான். எல்லா நோட்டின் முதுகும் உடைந்து விரிந்திருந்தது. ஜெராக்ஸ் மெஷினில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் பக்கத்து வீடுவரை கேட்டது. சட்டியைப் போட்டு உடைத்தாள். ராயப்பன் ஷிப்ட்டிலிருந்து வந்து சில்லுகளைப் பொறுக்கினான்.

வீடியோவை அவர்கள் எடுத்தார்கள். ஆனால் அதற்குள் யார் யாரோ இறக்கி வைத்துக்கொண்டு மேலே வசனம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தவளை ஒரு கார்க்காரர் நிறுத்தி, "நீங்கதான அந்த சிஸ்டர்" என்று கும்பிட்டார். இல்லை என்றாள் லிடியா. அந்த ஆள் போன பிறகு துடைப்பத்தைத் தரையில் அடித்து அடித்துக் கூட்டினாள். தன் வாயால் தன்னையே இல்லை என்று சொல்ல வைத்துவிட்டார்களே என்று வந்த ஆத்திரம் ஒரு வாரம் அடங்கவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு செய்தி தெரிந்தது. ஜனவரியில் டவுன்ஷிப் மைதானத்தில் நடக்கும் மூன்று நாள் கூட்டத்துக்கு, அந்தப் பெங்களூரு சபையின் வயதான போதகரே பிரசங்கம் செய்ய வருகிறார். தமிழ் தெரியாது. சைமன்ராஜ் மொழிபெயர்ப்பார். பன்னிரு ஊற்று பாடும்.

லிடியா மகளைக் கூப்பிட்டு, கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றாள். நான் சொல்கிறேன் என்றாள் இசைப்பிரியா. வேண்டாம், என் வாயால்தான் சொல்வேன், நீ இங்கிலீஷில் எழுதிக்கொடு என்றாள் அம்மா. பதினோரு வாக்கியம் ஆயிற்று. இசைப்பிரியா தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்க, லிடியா அதன்மேல் எங்கே நிற்கவேண்டும், எங்கே ஏறவேண்டும் என்று சோல்ஃபாவுக்குப் போடுகிற கோடுகளையே போட்டாள். மூன்று வாரம் தெருக் கூட்டும்போதெல்லாம் அதே ஓடியது. கூட வேலை செய்கிற கலியம்மாள், "என்னாடி பரீட்சையா எழுதப் போற?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் லிடியா.

கூட்டத்தின் முதல் நாள், சாயங்காலம் ஆறரை மணி. மைதானம் நிறைந்திருந்தது. ராயப்பன் ஆண்கள் பக்கம் போக, லிடியா மகளோடு பெண்கள் பக்கத்து நடு வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் அவள் இடத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு பெண் ஜெராக்ஸ் தாளோடு நின்றாள். பாட்டின் இரண்டாவது வரியிலேயே ஆல்ட்டோ வழுக்கிச் சோப்ரானோவோடு போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் மீது லிடியாவுக்குக் கோபம் வரவில்லை. தாளைப் பார்த்துப் பாட யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பாட்டு முடிந்து போதகர் எழுந்தார். முதல் வார்த்தையே குழுவைப் பற்றியது. சைமன்ராஜ் பக்கத்து மைக்கில் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினார். அடுத்து போதகர் மேடையைச் சுற்றிப் பார்த்து ஏதோ கேட்டார். இசைப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்தாள். "அந்தக் குப்பைத்தொட்டி சிஸ்டர் எங்கன்னு கேக்குறாரு."

சைமன்ராஜ் அவர் காதருகே சாய்ந்து ஏதோ சொன்னார். கூட்டத்தைப் பார்த்து, "நம்ம லிடியா சிஸ்டரை அய்யா விசாரிக்கிறாங்க. உடம்பு சரியில்லாததால இன்னிக்கு வர முடியல" என்றார்.

முன்வரிசையில் யாரோ ஒருவர் கள்ளமில்லாமல் திரும்பி, "இதோ இங்கதான இருக்காங்க" என்று கையைக் காட்டினார். இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். போதகர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார், அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார், இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டார்.

லிடியா எழுந்து நடந்தாள். மேடைப் படிகளில் ஏறினாள். சைமன்ராஜ் மைக்கை மறைத்துக்கொண்டு மெதுவாக, "லிடியா, வேண்டாம்மா" என்றார். அவள் ஸ்டெல்லாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"மை நேம் இஸ் லிடியா தைரியநாதன்" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தி, சைமன்ராஜைப் பார்த்தாள். மொழிபெயர்க்கவேண்டியவர் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னாள். மறுபடியும் நின்று காத்திருந்தாள். போதகரின் சிரிப்பு குறைந்து, கவனமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார். சனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மைதானம் சலசலத்தது.

அப்போது ஜெரால்டு முன்னால் வந்தான். சைமன்ராஜின் மைக்கை அவர் கையிலிருந்து எடுத்தான். அந்த ஆழமான குரலில், எழுத்துக்கூட்டுவதுபோல் சொன்னான்: "என் பேர் லிடியா தைரியநாதன். எங்கப்பா மிஷன் ஸ்கூல் வாட்ச்மேன், நாப்பது வருசம் சர்ச்சுல பேஸ் பாடுனவர்."

அதன்பின் அவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொன்னான். எங்கம்மா ராஜாம்பாள் பால்வாடி ஆயா. அவர் ஒரு நாளும் குடித்தவர் இல்லை. நான் பிறந்தது ஆஸ்பத்திரியில். ஐந்து வயதில் படிக்கவும் ஏழு வயதில் சோல்ஃபா எழுதவும் கற்றேன். இந்தக் குழு பதினேழு வருடம் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு குரலையும் எழுதியது நான். உங்கள் சபையில் இந்தச் சகோதரர் என்னைப் பற்றிச் சொன்னது பொய். அன்றைக்கு இங்கிலீஷ் தெரியாததால் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது தெரியும். இதை உங்கள் சபையில் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒருவரும் கைதட்டவில்லை. மைக்கை ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு லிடியா இறங்கினாள். போதகர் சைமன்ராஜைப் பார்த்து ஏதோ கேட்டார்; அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். கிழவர் அன்றைக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து முடித்தார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று ஊர் அவளைக் கொண்டாடவில்லை. சொன்னது சரி, சொன்ன இடம் சரியில்லை என்றார்கள். தேவனுடைய மேடையில் தனிப்பட்ட பகையைக் கொண்டுவரலாமா என்று சபைக் கமிட்டியில் சைமன்ராஜின் நண்பர்கள் கேட்டார்கள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவரை யாரும் விசாரிக்கவில்லை. பெங்களூருவில் தேவனுடைய மேடையில் அவர் என் அம்மாவைக் கொண்டுவந்தபோது யார் கேட்டீர்கள் என்று லிடியா கேட்டதற்கு, குரலைத் தாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மூன்று மாதம் அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டிலேயே நான்கு குரலையும் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டாள். பிப்ரவரி மாதம், அவள் கேட்டபடியே பெங்களூரு போதகர் தன் சபையில் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்த வீடியோ வந்தது. முந்நூறு பேர்தான் பார்த்திருந்தார்கள். பழைய பொய் இன்னும் லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

பன்னிரு ஊற்று அதன்பின் பாடவில்லை. சைமன்ராஜ் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார்.

ஜெரால்டு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். பெங்களூருவிலேயே தனக்குப் புரிந்தது, அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும் என்றான்.

"நாலு வருசம் ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியுங்கண்ணா" என்றாள் லிடியா. "வேன்ல எம்பக்கத்துல ஒக்காந்து முறுக்கு தின்னுகினு வந்தீங்க."

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை. ஆனாலும் அடுத்த வருடம், புதிதாக வந்த போதகர் சர்ச் பாடகர் குழுவுக்குக் குரல் பிரித்துச் சொல்லித்தர அவளைக் கேட்டபோது, அவள் முதலில் எழுதி அனுப்பிய பெயர்களில் பேஸுக்கு ஜெரால்டின் பெயர் இருந்தது. பேஸுக்கு வேறு ஆள் இல்லை என்று ராயப்பனிடம் சொன்னாள். சேத்தியாத்தோப்புப் பெண்ணும் இப்போது சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருகிறாள். சோல்ஃபா நன்றாக வாசிக்கிறாள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஸ்டெல்லா எதிரில் வந்தாள். தலை நரைத்திருந்தது. கத்தரிக்காய்க் கடையோரம் லிடியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, தினமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார், வேதம் படித்தவள் நீ, மன்னிக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"அவரு இன்னும் கேக்கவே இல்லியேக்கா" என்றாள் லிடியா. "நீங்கதான் வந்து கேக்குறீங்க."

அவர் வரமாட்டார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். லிடியா கையை விடுவித்துக்கொண்டு, கத்தரிக்காயைப் பொறுக்கி எடுத்துத் தராசில் போடச் சொன்னாள்.